ஏற்காட்டுக் குளிருக்கு வண்டிக்குள் வெந்நீர்: எந்த ஹீட்டர் சரி?

மார்கழியில் ஏற்காட்டில் வண்டியை நிறுத்தி இரவு தங்கியவர்களுக்குத் தெரியும், விடிகாலைக் குழாய்த் தண்ணீரில் விரல் மரத்துப்போகும். எங்கள் டிராவலர் வண்டியைக் குடும்பத்தோடு தங்குகிற மாதிரி மாற்றியபோது படுக்கை, அடுப்பு எல்லாம் ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டன. வெந்நீருக்கு மட்டும் இரண்டு வருடம் பிடித்தது.

கரண்ட் ஹீட்டரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 15 லிட்டர் பக்கெட் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.44 யூனிட் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பதே 1.2 யூனிட்தான். அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெடும். ஆக, ஒரு பேட்டரிக்கு ஒரு பக்கெட். அதே பக்கெட்டுக்கு கேஸ் 45 கிராம் போதும். போட்டி மற்ற மூன்றுக்குள்தான்: வீட்டுக் கேஸ் கீசர், கேரவன் டேங்க் ஹீட்டர், இன்ஜின் சூடு.

நான் முதலில் போட்டது வீட்டில் சுவரில் மாட்டுகிற சாதாரண கேஸ் கீசர். விலை குறைவு, தீப்பொறிக்கு இரண்டு டார்ச் செல் போதும், குழாயைத் திறந்ததும் நிமிடத்துக்கு 6 லிட்டர் சூடாக வரும். சமையல் மேடைக்கு மேலே மாட்டித் தந்தார்கள். இரண்டாவது பயணத்தில், குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தோம். குளித்துவிட்டு வந்த என் மச்சினன், "மாமா, தலை கிறுகிறுனு வருது" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். என் மனைவி ஓடிப்போய்க் கதவுகளைத் திறந்து அவனை வெளியே இழுத்து வந்தாள். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கீசர் பத்து நிமிடம் எரிய 2 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டால் அவ்வளவு புதுக் காற்று உள்ளே வர வழியில்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சமவெளியைவிட அங்கே காற்று ஏழில் ஒரு பங்கு லேசு. காற்று போதாத தீ மஞ்சளாகும், அப்போதுதான் மோனாக்சைடு அதிகமாகிறது. கேஸ் கசிந்தால் நாற்றத்தில் தெரிந்துவிடும், மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அதனால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்தக் கீசரை வண்டிக்குள் மாட்டாதீர்கள்.

அடுத்தது, கேரவன்களுக்கென்றே செய்கிற டேங்க் ஹீட்டர். இதில் தீ மூடிய பெட்டிக்குள் எரிகிறது. வண்டியின் பக்கவாட்டில் வெட்டிய கம்பிவலைத் திறப்பு வழியாக வெளியிலிருந்தே காற்றை எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிறது. நாம் மூச்சு விடும் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் இதற்கு மாறியதற்கு இந்த ஒரு காரணம் போதும். 22 லிட்டர் டேங்க் அரை மணியில் 60 டிகிரி தொடும். பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கிற சூட்டில் 40 லிட்டர் வரும், மூன்று பேர் தாராளமாகக் குளிக்கலாம். கேஸ் 120 கிராம் வாக்கில் ஆகும்.

சிரமமும் உண்டு. விலை அதிகம், பாடியில் பெரிய ஓட்டை போட வேண்டும், ஓரத்தைச் சரியாக அடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும், ஆர்டிஓவில் கேட்டுக்கொண்டு வெட்டுங்கள். வெளிநாட்டு மாடல்கள் புரோப்பேனுக்கென்று செய்தவை. நமது சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருப்பதால், நம் எல்பிஜிக்கான ஜெட் (கேஸ் வரும் சிறு துளை) இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளிப்பக்கம் திறப்பு வேண்டும், கேஸ் அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். அடிவாரத்திலேயே சிலிண்டரை மூடிவிட்டுத்தான் மலை ஏறுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் இணைப்புகள் தளரும். மேலே போனதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன்.

மூன்றாவது வழியில் தீயே இல்லை. இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவத்தை ஒரு சுருள் குழாய் வழியாகத் தண்ணீர் டேங்குக்குள் சுற்றவிடுவது. சேலத்திலிருந்து கிளம்பி, கியரைக் குறைத்து முனகிக்கொண்டே ஏறுகிற இன்ஜின், ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் டேங்கைச் சுடவைத்துவிடும். கூலன்ட் 80, 90 டிகிரிக்குப் போவதால் பச்சைத் தண்ணீர் கலக்கும் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். நல்ல தெர்மல் உறை போட்டால் மறுநாள் காலை வரை சூடு ஓரளவு நிற்கும். அதற்கு மேல் இன்ஜினை ஓட்டியாக வேண்டும். காப்பித் தோட்டத்து அமைதியில் வெந்நீருக்காக அரை மணி நேரம் வண்டியை உறும விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாயங்காலம் ஏறி மறுநாள் இறங்குகிறவர்களுக்கு இன்ஜின் சுருளே நல்லது. எங்களைப் போல மூன்று நாள் தங்குகிறவர்கள் டேங்க் ஹீட்டருக்குப் போங்கள். எதைப் போட்டாலும் உப்புக் கூடிய போர் தண்ணீரை நிரப்பாதீர்கள், உள்ளே சுண்ணாம்பு படியும். ஊர் திரும்பியதும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். அடுத்த முறை குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். காலி டேங்குக்குக் கீழே தீ எரிந்தால் டேங்க் போய்விடும்.