டிபீவர்: லேப்டாப்பில் இருக்கும் டேட்டாபேஸ் எல்லாவற்றுக்கும் ஒரே ஜன்னல்

டாக்கரில் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டூல்) ஓடும் ஒரு போஸ்ட்கிரெஸ், பழைய ப்ராஜெக்ட்டுக்காக வைத்திருக்கும் மைஎஸ்கியூஎல் 8, அப்புறம் ஒரு மொபைல் ஆப்பின் எஸ்கியூலைட் ஃபைல். மூன்று டேட்டாபேஸுக்கும் மூன்று டூல் திறந்து வைத்துச் சலித்துப்போய்த்தான், பல வகை டேட்டாபேஸையும் ஒரே இடத்தில் பார்க்க உதவும் டிபீவர் கம்யூனிட்டி எடிஷனுக்கு வந்தேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. எக்லிப்ஸ் என்ற புரோகிராமர் டூலின் மேல் கட்டியது என்பதால் மெனுக்கள் ஏராளம். முதல் நாள் மிரளாதீர்கள், பாதியைத் தொடவே தேவையிருக்காது.

கனெக்‌ஷன் போடுவது சுலபம்தான். பிளக் படத்தை அழுத்தி, போஸ்ட்கிரெஸைத் தேர்ந்தெடுத்து, லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5432, யூசர், பாஸ்வேர்ட் கொடுத்தால் போதும். டிரைவரை (டேட்டாபேஸுடன் பேச உதவும் துணை ஃபைல்) அதுவே இறக்கிக்கொள்ளும், அதற்கு மட்டும் நெட் வேண்டும்.

எனக்கு இரண்டு இடத்தில் முட்டியது, இரண்டுமே டிபீவரின் தவறு இல்லை. முதலில் பாஸ்வேர்ட் தவறு என்றே வந்துகொண்டிருந்தது. பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்த டாக்கர் கம்போஸ் ஃபைலை நாலு முறை சரிபார்த்தேன், எழுத்துப் பிசகே இல்லை. கடைசியில் விண்டோஸ் சர்வீஸ் பட்டியலைத் திறந்தால், எப்போதோ நேரடியாக நிறுவிய இன்னொரு போஸ்ட்கிரெஸ் அதே 5432-ஐப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது! நான் இவ்வளவு நேரமும் அதன் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்கர் பக்கம் 5433:5432 (வெளியே 5433, உள்ளே 5432) என்று மாற்றி, டிபீவரிலும் 5433 போட்டேன், சரியானது.

அடுத்தது நம் ஊர்க்காரர்களுக்கென்றே வரும் பிழை. டைம்சோனாக 'ஏஷியா/கல்கட்டா' செல்லாது என்று போஸ்ட்கிரெஸ் கதவைச் சாத்திவிடும். விண்டோஸில் இந்திய நேரம் வைத்திருந்தால் ஜாவா இன்னும் அந்தப் பழைய பெயரைத்தான் சொல்கிறது, டாக்கரில் இறக்கும் புதிய போஸ்ட்கிரெஸ் இமேஜ்கள் (தயார் நிலைப் பொதிகள்) சிலவற்றிலோ பழைய ஊர்ப் பெயர்கள் கிடையாது. டிபீவரின் பிரிஃபரன்சஸில் யூசர் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் டைம்சோனை 'ஏஷியா/கொல்கத்தா' என்று மாற்றி, மூடித் திறந்தால் முடிந்தது. நேரம் அதேதான், பெயர் மட்டும்தான் வேறு.

மைஎஸ்கியூஎல் 8-இல் 'பப்ளிக் கீ ரிட்ரீவல்' (பாஸ்வேர்டைப் பூட்டி அனுப்ப சர்வரிடம் சாவி வாங்குவது) அனுமதி இல்லை என்று வந்தால், டிரைவர் பிராப்பர்ட்டீஸில் அதே பெயரில் இருக்கும் அனுமதியை ட்ரூ ஆக்குங்கள். சொந்த லேப்டாப்புக்கு இது போதும், வெளி சர்வருக்கு இப்படிச் செய்யாதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒரே ஒரு டேட்டாபேஸ்தான் தெரிகிறதே என்று தேடுகிறவர்கள் கனெக்‌ஷன் செட்டிங்கில் 'ஷோ ஆல் டேட்டாபேஸஸ்' டிக் செய்ய வேண்டும்.

தினசரி வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது கன்ட்ரோல் எண்டர். கர்சர் நிற்கும் குவெரியை (டேட்டாபேஸுக்கு இடும் கட்டளை) மட்டும் ஓட்டும், முதல் 200 வரிசையை மட்டும் கொண்டுவரும், பெரிய டேபிளைத் திறந்தாலும் லேப்டாப் மூச்சுத் திணறாது. ஆட்டோ கமிட் (செய்யும் மாற்றம் உடனே நிலையாகப் பதிவாவது) ஆனில்தான் வரும். டெலீட் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் முதல் வேலையாக அதை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.

போஸ்ட்கிரெஸ் மட்டும்தான் உங்கள் உலகம் என்றால் அதற்கென்றே உள்ள பிஜிஅட்மின் டூலே போதும். ரெண்டு மூன்று வகை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இதைப் போடுங்கள்.

இன்னொன்று, தமிழ்ப் பெயர்கள் உள்ள டேபிளை சிஎஸ்வியாக எடுக்கும்போது எக்ஸ்போர்ட் செட்டிங்கில் 'இன்சர்ட் பிஓஎம்' (ஃபைல் யூனிகோட் என்று தொடக்கத்திலேயே சொல்லும் குறி) டிக் செய்யுங்கள். முதல் தடவை அது இல்லாமல் அனுப்பி, எக்செலில் திறந்தவருக்கு 'முருகேசன்' இருக்க வேண்டிய இடத்தில் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரிந்தது. டிக் போட்டு மறுபடி அனுப்பினேன், பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன.