வலி என்றால் எங்கே என்று கேட்கும் ஜிம்

திருச்சி தில்லை நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது இந்த ஜிம். போர்டில் பாதி எழுத்து வெயிலில் வெளுத்துப் போனதால் நாங்கள் எல்லோரும் மாடி ஜிம் என்றே சொல்கிறோம். சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. மாதம் 1,200 ரூபாய், சேரும்போது தனியாக 500. ஏசி கிடையாது. டிரெட்மில் இரண்டு, அதில் ஒன்று எப்போதும் பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு தூங்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, தயங்காமல் போய்ச் சேருங்கள் என்றும் சொல்கிறேன். காரணம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாஸ்டர் கேட்கும் ஒரு கேள்வி: "இன்னைக்கு எங்கம்மா வலி?"

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. பிளவுஸ், சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ் என்று நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். முதலில் போனது இங்கே இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஜிம் ஒன்று, பெயர் வேண்டாம். முதல் நாளே லஞ்சஸ். ஒரு காலை எட்டி வைத்து முட்டியை மடக்கி இறங்கி எழுந்து, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆறு நடை. அன்று ராத்திரி ஒன்றுமே தெரியவில்லை. அட, நமக்கு இவ்வளவு தெம்பா என்று எனக்கே ஆச்சரியம். மறுநாள் சாயங்காலம்தான் தொடை கல்லாக ஆரம்பித்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாமல் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அந்தக் குழாய் இன்றைக்கும் கொஞ்சம் ஆடும்.

வலிக்கிறது என்று அங்கே சொன்னால், "லாக்டிக் ஆசிட் மேடம், அதே எக்ஸர்சைஸைத் திரும்பப் பண்ணுங்க, கரைஞ்சிடும்" என்றார்கள். பண்ணினேன். வலுவே இல்லாத தொடை நடுங்க, கால் கோணி, இடது முட்டி பிசகியது. மூன்று வாரம் மிஷின் மிதிக்க முடியவில்லை. மூன்று மாதப் பணம் முன்கூட்டியே கட்டியிருந்தேன், அதுவும் போச்சு.

அந்த லாக்டிக் ஆசிட் கதையை உடைத்தவர் மாடி ஜிம் மாஸ்டர். கடுமையாக உழைக்கும்போது தசையில் ஊறும் அந்த ஆசிட் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தை விட்டு அநேகமாகப் போய்விடுமாம். இரண்டாம் நாள் உச்சத்துக்கு வரும் வலியை அதன் தலையில் எப்படிக் கட்டுவது? பழகாத வேலை, அதிலும் சதை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் வேலை செய்தால், தசை நாரில் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஆகிறது. அதை உடம்பு சரிசெய்யும்போது வருவதுதான் இந்த வலி. "மலைக்கோட்டை ஏறுறப்ப மூச்சு வாங்கும். மறுநாள் தொடை வலிக்கிறது இறங்கினதுக்கு" என்றார். நானூற்றுச் சொச்சம் படி ஏறி இறங்கிய எவருக்கும் இது விளங்கும். எனக்கும் அங்கேதான் விளங்கியது.

அவருடைய சோதனை ரொம்ப எளிது. வலியைக் காட்டச் சொல்வார். உள்ளங்கையால் தொடையைத் தடவிக் காட்டினால், "சதை வலி, உள்ள வாங்க" என்பார். ஒற்றை விரலை ஓர் இடத்தில் குத்தி வைத்துக் காட்டினால், காயமாக இருக்குமோ என்று அவர் முகம் மாறிவிடும். அப்புறம் வரிசையாகக் கேள்வி. ரெண்டு பக்கமும் இருக்கா, ஒரு பக்கம் மட்டுமா? செய்யும்போதே சுரீர்னு வந்ததா, மறுநாள் வந்ததா? வீக்கம் இருக்கா? ராத்திரி தூக்கம் கெட்டுதா? மாத்திரை போட்டீங்களா? வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்களை அன்று எடை தொட விடமாட்டார். வலி என்கிற எச்சரிக்கை மணி அடிக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் எப்படி வண்டி ஓட்டுவது என்பது அவர் வாதம்.

சதை வலிதான் என்று முடிவானாலும் நேராக பளு கிடையாது. பத்து நிமிஷம் நடக்கச் சொல்வார். நடக்க நடக்கப் பிடிப்பு இளகினால், வலிக்காத பாகத்துக்கு வேலை, வலிக்கிற பாகத்துக்கு வெறும் அசைவு. பத்து நிமிஷம் கழித்தும் அப்படியே இருந்தாலோ கூடினாலோ வீட்டுக்கு. அசைத்தால் வலி கொஞ்ச நேரம் குறையும், அதனால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதை அடிக்கடி சொல்வார். வலி போன பிறகும் பலம் முழுதாகத் திரும்ப இன்னும் சில நாள் ஆகலாம். இதை நான் கத்தரிக்கோலில் பார்த்தேன். கம்பியில் தொங்கும் பயிற்சி செய்து மூன்றாம் நாள், முன்கையில் வலி இல்லை; ஆனால் நாலு மடிப்புத் துணியில் என் இரும்புக் கத்தரி பாதியில் நின்றுவிட்டது. லைனிங் துணி ஒன்று கோணலாகப் போனது அதனால்தான்.

கார்த்திகையில் ஒரு நாள் வலது தோளுக்கு முன்பக்கம் ஒற்றை விரல் வைத்துக் காட்டினேன். "இன்னைக்கு வேண்டாம்மா" என்றார். பஸ் ஏறி, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன், லேசாகவாவது செய்கிறேன் என்று சண்டை போட்டேன். அசையவில்லை. பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் எரிச்சல், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பளு வேண்டாம் என்றார் பிசியோ. பத்து நாள் கால் பயிற்சி மட்டும்தான். இந்த இடத்தில் மாஸ்டருக்கு என் மனதில் ஒரு நாற்காலி போட்டேன்.

அதே சமயம் அவரும் சில நேரம் மிஞ்சிப் போகிறார். பொங்கலுக்கு எட்டு நாள் லீவு விட்டு வந்தபோது பாதி எடைதான் கொடுத்தார், எனக்கு அது ஒன்றுமே இல்லை. இன்னொரு நாள் கெண்டைக்கால் பிடிப்புக்கு வீட்டுக்கு அனுப்பினார். காலையில் மிஷின் மிதித்தபோதே அது பாதி இளகியிருந்தது. கோபத்தில் பஸ் ஏறாமல் உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கமாக நடந்தே போனேன். வீடு சேர்வதற்குள் பிடிப்பே இல்லை. மறுநாள் குத்திக் காட்டினால், "நடந்தீங்கல்ல, அதுவும் எக்ஸர்சைஸ்தானே" என்று சிரிக்கிறார். இந்த மனிதரிடம் ஜெயிக்க முடியாது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு விஷயம். முதல் இரண்டு வாரத்து வலியைப் பார்த்து மிரண்டு ஓடாதீர்கள். அதே பயிற்சியை இடைவெளி விட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்யும்போது வலி பாதிகூட இருக்காது, சதை பழகிக்கொள்கிறது. வலித்தால்தான் பலன் என்றும் இல்லை. எனக்கு இப்போது வலியே இல்லாத வாரங்கள் இருக்கின்றன, தூக்கும் எடை மட்டும் ஏறுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் இதமாக இருக்கும், குளியுங்கள். சதை மேல் உருட்டித் தேய்க்கிற உருளை, ஃபோம் ரோலர், ஒன்று கிடக்கிறது, நடுவில் பள்ளம் விழுந்தது, உருட்டினால் சிறிது நேரம் சுகம். மற்றபடி நாள்தான் மருந்து.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. சுவரில் மாஸ்டர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்: கடுமையான வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஜிம்முக்கு வராதே, ஆஸ்பத்திரிக்குப் போ. அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. அவசரம்.

குறைகள்: பெண்களுக்கு காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மாலை நாலிலிருந்து ஆறு மட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது உதவாது. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறு கட்டியிருக்கிறது. பெண் பயிற்சியாளர் இல்லை. எல்லாவற்றையும்விட, மாஸ்டர் ஊரில் இல்லாத நாளில் உதவிக்கு இருக்கும் தம்பி எதையும் கேட்பதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே "இன்னும் பத்துக்கா" என்பான். அதனால் கிளம்பும் முன் போன் போட்டு, மாஸ்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி மட்டும் என்றால் நான் அரை மணி நேரம் டிரெட்மில்லில் நடந்துவிட்டு வந்துவிடுவேன். ஓடுகிற டிரெட்மில் காலியாக இருந்தால்.