சைலன்சரில் ஓட்டை: அப்படியே ஓட்டுவதா, வெல்டிங் வைப்பதா, மாற்றிவிடுவதா?

கார் சைலன்சர் ஓட்டையாகிவிட்டால் மூன்று வழி இருக்கிறது. சத்தத்தைச் சகித்துக்கொண்டு அப்படியே ஓட்டலாம், வெல்டிங் வைத்து ஒட்டுப் போடலாம், புதிதாக மாற்றலாம். நான் மாற்றிவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைலன்சரையே கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாய் போடும் நான்காவது கூட்டமும் உண்டு. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், நீண்ட பயணத்தில் காது ரீங்காரமிடும். அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

அப்படியே ஓட்டுவதில் சத்தம் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. தெரியாமல் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். பெரும்பாலான கார்களில் சைலன்சர் இருப்பது டிக்கிக்கு அடியில். அங்கே ஓட்டை விழுந்தால், பம்பரைத் தாண்டி வெளியேற வேண்டிய புகை வண்டிக்கு அடியிலேயே சுற்றும். டிக்கிக் கதவின் ரப்பர் காய்ந்து விறைத்துப்போயிருந்தாலோ, தரைத்தகட்டில் துளை இருந்தாலோ உள்ளே வந்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு உள்ளே தூங்குவதுதான் இதில் மிக ஆபத்தானது. காரில் ஏறினால் தலைவலி, இறங்கினால் சரியாகிவிடுகிறது என்றால் ஓட்டுவதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

மைலேஜ் அடிவாங்கும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அதில் பாதிதான் உண்மை. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து, எஞ்சின் கம்ப்யூட்டர் ஏமாந்து கூடுதலாக எரிபொருள் ஊற்றும். சைலன்சரோ சென்சார்களுக்கெல்லாம் பின்னால் இருப்பது, அதன் ஓட்டை மைலேஜைப் பெரிதாகத் தொடாது. ஆனால் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு உடைந்து புகை போகும் வழியை அடைத்துக்கொண்டால் பிக்கப் நன்றாகவே தெரியும்படி குறையும். எஞ்சின் ஆறியபின் கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே எதுவோ கடகடவென்று உருண்டால் அதுதான் விஷயம்.

சரி, வெல்டிங்கா மாற்றுவதா? என்னைப் பொறுத்தவரை இதைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: ஓட்டை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? கல் அடித்துக் கிழிந்ததா, உள்ளிருந்து துரு தின்றதா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். பக்கத்துத் தெருவரை போய் உடனே திரும்பும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். ஆவி தண்ணீராகி உள்ளேயே தேங்குகிறது. புகையிலுள்ள வாயுக்கள் அதில் கரைந்து லேசான அமிலமாகவும் மாறுகிறது. எஞ்சினிலிருந்து தள்ளி இருப்பதால் கடைசியாகச் சூடாவதும் சைலன்சர்தான். நெடுஞ்சாலையிலேயே ஓடும் கார்களில் சைலன்சர் நீடிப்பதும், கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வருவதில் சீக்கிரம் போய்விடுவதும் இதனால்தான்.

இப்படித் துரு தின்ற சைலன்சரில் நம் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை கடைசியாக வந்தது. அதற்கு முன்பே சுற்றுப்புறத் தகடு மெலிந்திருக்கும். ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். தகடு அப்பளம் போல நொறுங்கினால் வெல்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை. வெல்டிங் சூட்டில் மெலிந்த தகடு உருகி ஓட்டை பெரிதாகும். பெரிய ஒட்டாகப் போட்டு மூடினாலும், அந்தச் சூட்டில் மேல்பூச்சு எரிந்துபோன ஓரத்தில் துரு மறுபடி தொடங்கும். உள்ளே அரித்துப்போன தகடுகளுக்கு வெல்டிங் ராடு எட்டவே எட்டாது. என் சைலன்சரைக் கழற்றியபோது தண்ணீர் தேங்கும் அடிப்பக்கம் முழுவதும் இந்த நிலையில்தான் இருந்தது. மாற்றும் முடிவுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவைப்படவில்லை.

வெல்டிங்கை அடியோடு ஒதுக்கவும் இல்லை. கல்லோ வேகத்தடையோ அடித்துக் கிழிந்தது, ஃபிளாஞ்ச் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் மூட்டு) ஓரத்தில் விரிசல் விட்டது, ஆனால் தகடு கெட்டியாக இருக்கிறது என்றால் வெல்டிங்தான் புத்திசாலித்தனம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம், பல சைலன்சர்களில் தண்ணீர் வடிவதற்கென்றே அடியில் ஒரு சின்னத் துளை கம்பெனியிலேயே போட்டிருப்பார்கள். அதைச் சுற்றிக் கறுப்பாக ஈரக்கறை இருப்பது சகஜம். ஓட்டை என்று நினைத்து அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு, கவனம். பசை, சுற்றுப்பட்டை எல்லாம் பட்டறை போய்ச் சேரும்வரைதான்.

மாற்றுவதென்றால் எதை வாங்குவது? சாதாரண இரும்பு வேண்டாம். அலுமினியப் பூச்சுள்ள எஃகு நடுத்தரம். நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு அது தாராளமாகப் போதும். குறுகிய ஓட்டம் அதிகமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் 409, 304 என்று இரண்டு ரகம் அதிகமாகக் கிடைக்கும். 409-இல் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே பழுப்பேறும், ஆனால் சீக்கிரம் ஓட்டையாகாது. 304-இல் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 சதவீதம். பளபளப்பு நிற்கும், விலையும் ஏறும். காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், 409-இல் காந்தம் ஒட்டும். நான் எடுத்தது 409. இதுவரை குறையில்லை. ஆனால் ஓட்டையாகும் அளவுக்கு அது இன்னும் பழசாகவில்லை, அதனால் ஆயுளுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. நான் ஓட்டியதெல்லாம் பெட்ரோல் வண்டி என்பதால் டீசல்காரர்கள் தங்கள் மெக்கானிக்கையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த ரகம் வாங்கினாலும் தொங்கவிடும் ரப்பர்களையும், மூட்டில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். பழைய ரப்பர் தொய்ந்திருந்தால் சைலன்சர் ஆடி ஆடி, அதன் எடை முழுவதும் ஃபிளாஞ்ச் மேல் விழும். புது சைலன்சரில் முதல் விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த மூட்டில்தான்.