தோபா ஏரி பேக்கேஜ்: ஏரிக்கு முழு மார்க், டிராவல்ஸுக்குப் பாதி

கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ் மூலமாகச் சுமத்ராவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம், பெயர் வேண்டாம். அவர்கள் நோட்டீஸில் தோபாவைப் பற்றி 'அழகிய ஏரி, படகு சவாரி உண்டு' என்பதோடு சரி. ஏதோ ஊட்டி ஏரி மாதிரி!

சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு எரிமலை வெடித்து, உள்ளே இருந்த மாக்மாவை, அதாவது உருகிய பாறைக்குழம்பை, ஏராளமாகக் கக்கியபின் மேலே இருந்த நிலம் அப்படியே உள்வாங்கி விழுந்தது, அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் தோபா. அன்றைக்குப் பறந்த சாம்பல் ஆந்திராவில் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்திருக்கிறது. ஏரியின் நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அகலம் 30, ஆழம் 500 மீட்டருக்கும் மேல், இத்தனையும் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில். நம்ம கணக்கில் சொல்வதென்றால் மேட்டூர் நிரம்பினால் 93.47 டி.எம்.சி., இங்கே கிடப்பது 8,000 டி.எம்.சி.க்கும் மேல். ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும் டெல்டாக்காரனுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

பராபட்டிலிருந்து படகில் நடுவிலிருக்கும் சமோசிர் தீவுக்குப் போகிறார்கள். படகு, தங்கிய அறை இரண்டும் குறை சொல்ல முடியாது. வெடிப்புக்குப் பிறகு அடியிலிருந்த மாக்மா ஏரியின் தரையையே மேலே தள்ளியதில் எழும்பிய தீவு இது, அதனால் ஒரு காலத்தில் ஏரியின் அடியில் படிந்த வண்டல் இப்போது மேட்டில் கிடக்கிறது. வண்டல் என்றால் ஆறு அடித்துக்கொண்டு வந்து கடைமடையில் போடுவது, அதுதானே நமக்குத் தெரியும்! கைடு இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, துணிக்கடைக்குக் கூட்டிப்போவதிலேயே குறியாக இருந்தார்.

பெரிய கோபம் தெலே விஷயத்தில். மேற்குப் பக்கம் பள்ளத்தின் விளிம்பில் உள்ள பார்வைக் கோபுரம் அது, செங்குத்தாக இறங்கும் சுவரும் கீழே தீவும் தண்ணீரும் அங்கிருந்து பார்த்தால்தான் பிடிபடும். நோட்டீஸில் போட்டுவிட்டு 'டைம் இல்லை' என்று கழற்றிவிட்டார்கள். நாங்கள் சொந்தக் காசில் கார் பிடித்துப் போனோம், காசு தண்டமில்லை. வடக்குக் கோடியில் 120 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிபிசோபிசோ அருவியை மட்டும் ஒழுங்காகக் காட்டினார்கள்.

சாப்பாடு, சைவக்காரர்களுக்குக் கஷ்டம். பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துப் போங்கள், ராத்திரிக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும். பணம் கட்டும் முன்பே தெலே உண்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.