உறவினர் ஊரில் இரண்டு மணி நேரம்: எந்தப் பழம்பொருள் கடைக்குப் போவது?

உறவினர் வீட்டுக்குப் போயிருக்கும்போது கடைவீதியைச் சுற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பெரியவர்கள் மதியம் கண்ணயரும் வேளை, மாலையில் யாரோ பார்க்க வருவதற்கு முந்தைய இடைவெளி, அவ்வளவுதான். சிற்றூர் என்றாலும் பழம்பொருள் கிடைக்கும் இடம் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒருவரே நடத்தும் கடை, பல வியாபாரிகள் இடம் பிடித்திருக்கும் பெரிய கூடம், தொண்டு நிறுவனத்தின் நன்கொடைக் கடை, திறந்தவெளிச் சந்தை, ஒரு வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் விற்பனை அல்லது ஏலம். எல்லாவற்றுக்கும் போக முடியாது.

பெரும்பாலோர் விலையை வைத்து ஒப்பிடுவார்கள். விலைதான் அளவுகோல் என்றால் நன்கொடைக் கடை வென்றுவிடும்; பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். என் முதல் கேள்வி வேறு. இந்தப் பொருள் யார் வீட்டில் இருந்தது என்று சொல்ல அங்கே ஆள் உண்டா? பெருநகரக் கடைக்கு வந்து சேரும் பொருள் நான்கைந்து கை மாறி, தான் வந்த வழியை இழந்திருக்கும். சிற்றூரில்தான் அது இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து நேராக வந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வீட்டையே அறிந்த உறவினர் ஒருவர் நம் பக்கத்தில் நிற்கவும் கூடும். இந்த இரண்டும் சேரும் சந்தர்ப்பம் வேறு பயணங்களில் அரிது. அதை வீணாக்கும் கடைக்குள் நுழைய எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே என் தேர்வு ஒருவரே நடத்தும் கடை. அந்தக் கடைக்காரர் சரக்குப் பிடிக்கும் விதத்தில்தான் அதன் பலம் இருக்கிறது. ஊரில் யாராவது வீடு மாறினாலோ, ஒரு பெரியவர் மறைந்து பிள்ளைகள் வீட்டை விற்றாலோ, முதலில் அழைக்கப்படுகிறவர் அவர்தான். பொருளை அதன் இடத்திலேயே பார்த்திருக்கிறார். எந்தச் சுவரில் தொங்கியது, எந்த அறையில் கிடந்தது, யார் பயன்படுத்தினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, “முள் பழையது, உள்ளே இருக்கும் வில் பிறகு மாற்றியது” என்று அவரே முந்திக்கொண்டு சொன்னால், அந்தக் கடையில் மற்றப் பொருள்களைப் பற்றிய பேச்சையும் நான் நம்புவேன். குறையைத் தானாகச் சொல்லும் வியாபாரியிடம் பேரம் பேசுவதைவிடக் கேட்டுக்கொள்வதே அதிகப் பயன் தரும். நுழைந்ததும் கடைசி விலையைக் கேட்காதீர்கள். பொருள் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விலை தானாக இளகுவதும் உண்டு.

இதன் குறைகளும் எனக்குத் தெரியும். கடை எப்போது திறந்திருக்கும் என்பது கடைக்காரரின் விருப்பம். போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. அவருக்குப் பொருளின் மதிப்பு தெரியும் என்பதால் அதிர்ஷ்டப் பரிசு போல எதுவும் மலிவாக அகப்படாது. கடிகாரத்தில் பித்துள்ளவர் கடையில் கடிகாரமே நிறைந்திருக்கும், நமக்கு வேண்டிய பீங்கான் இருக்காது. இடமும் சிறிது. ஒரே ஒரு வாடிக்கையாளராக அவர் எதிரில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவது சிலருக்குச் சங்கடம். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அக்கறையோடு கேட்டவரை எந்த நல்ல கடைக்காரரும் வெறுப்பதில்லை.

இதற்கு நேர் போட்டி, பல வியாபாரிகள் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய கூடம். பழைய ஆலையோ கிடங்கோ இப்படி மாறியிருக்கும். தடுப்புத் தடுப்பாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருப்பார்கள். ஒவ்வொரு விலைச்சீட்டிலும் வியாபாரியின் குறியீட்டு எண் ஒன்று இருக்கும். பணம் வாங்குகிறவர் கூடத்தின் ஊழியர். பொருளின் சொந்தக்காரர் அங்கே இருப்பதில்லை. நேரம் தவறாமல் திறந்திருக்கும், மழைக்கு ஒதுங்கலாம், கழிப்பறை உண்டு, குழந்தைகள் அலுக்காமல் நடக்க நீளமான நடைபாதைகள் உண்டு. குடும்பமாகக் கிளம்பும் நாளில் இவை அற்பமான வசதிகள் அல்ல. விதவிதமான பொருளைப் பார்க்க வேண்டும் என்றால் இதை மிஞ்ச மற்றவற்றால் முடியாது.

ஆனால் என் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. பல வியாபாரிகள் தொலைவில் நடக்கும் ஏலங்களில் வாங்கி வந்து அடுக்குகிறார்கள். அந்த ஊருக்கும் அந்தப் பொருளுக்கும் தொடர்பே இருக்காது. புதிதாகச் செய்து பழையது போல் தேய்த்த சாமானும் உண்மையான பழையதோடு ஒரே தட்டில் இருக்கும். விளக்கம் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பொருளையே படித்தாக வேண்டும். அதற்குச் சில பிடிகள் உண்டு. இந்தக் கூடங்களில்தான் அவை மிகவும் உதவுகின்றன.

பீங்கானைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தால், 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஏற்றுமதிக்காகச் செய்த பீங்கானில் நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. ஜப்பானியத் தட்டில் ‘நிப்பான்’ என்றிருந்தால் 1921-க்கு முந்தைய காலம். அதன் பிறகு ‘ஜப்பான்’ என்றே போட வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கத் துறை கூறிவிட்டது. ‘ஆக்கிரமிப்பு ஜப்பான்’ என்ற முத்திரை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நேசநாடுகள் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த காலத்துக்கு, அதாவது 1952-க்குள், உரியது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். போலி முத்திரைகளும் உலவுகின்றன. அதனால் முத்திரையோடு நிற்காமல், தட்டு மேசையில் உட்காரும் அடி வளையத்தில் நெடுநாள் உராய்வு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாத்திரங்கழுவும் இயந்திரத்தில் கழுவலாம் என்று அச்சிட்டிருக்கும் கோப்பைக்குப் பாட்டி காலத்துக் கதை எழுதி விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

மரச்சாமான் என்றால் கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து அதன் அடியையும் பின்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். கூட்டல் குறி போன்ற தலையுள்ள பிலிப்ஸ் திருகாணி 1930-களின் நடுவில்தான் பரவத் தொடங்கியது. மூலத் திருகாணியே அப்படி இருந்தால் அதற்கு முந்தைய பொருள் என்ற பேச்சு எடுபடாது. பழுது பார்த்தபோது மாற்றியதாகவும் இருக்கலாம் என்பதால் மற்றத் துளைகளையும் கவனிக்க வேண்டும். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். அதனால் பழைய வட்ட மேசையை இரு திசையிலும் அளந்தால் சிறிய வேறுபாடு தெரியும். கச்சிதமான வட்டம் ஐயத்துக்குரியது.

வெள்ளி போல் மின்னும் கரண்டியில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் மின்முலாம் பூசியது. அந்த முலாம் முறைக்கு எல்கிங்டன் நிறுவனத்தார் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1840-இல். ‘925’ என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. பித்தளை என்று விற்பதில் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. தையல் இயந்திரங்கள் இன்னும் எளிது. சிங்கர் இயந்திரத்தின் உடலில் பொறித்த தொடர் எண்ணை வைத்து அது எந்த ஆண்டில் தயாரானது என்று கண்டுவிடலாம். 1900 முதல் அந்த எண்ணுக்கு முன்னால் எழுத்து சேர்ந்தது. என் சித்தி ஒருமுறை அப்படிப்பட்ட இயந்திரத்தின் முன் நின்று, மிதிப்பலகையைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தோல்வார் நழுவும்போதெல்லாம் அவருடைய தாயார் என்ன செய்வார் என்று விரிவாகச் சொன்னார். நான் அதுவரை கேட்டிராத பேச்சு அது. பெரிய கூடத்தையும் நான் ஒரேயடியாகத் தள்ளாததற்கு அதுவே காரணம். வியாபாரி சொல்லாததைச் சில வேளை உடன் வந்தவர் சொல்லிவிடுவார். ஆனால் அது அந்த இயந்திரத்தின் கதை அல்ல, சித்தியின் கதை.

நன்கொடைக் கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே வருவது மக்கள் கொடுத்துவிட்டுப் போன மூட்டைகள். யார் கொடுத்தார்கள் என்று பிரிப்பவருக்குத் தெரியாது. பல அமைப்புகள் மதிப்புள்ளதை முன்கூட்டியே பிரித்து இணையத்தில் விற்கின்றன. ஆகவே அரிய பொருளைத் தேடிப் போகாதீர்கள்; தினமும் பயன்படுத்தும் தட்டு, புத்தகம், கம்பளி உடை ஆகியவற்றுக்குப் போங்கள். பிள்ளைகள் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அவர்களாகவே எதையாவது தேர்ந்தெடுக்கவிடச் சிறந்த இடம் இதுதான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கவனியுங்கள். பழைய வண்ணம் பூசிய பொம்மையைச் சிறு குழந்தையிடம் கொடுக்க வேண்டாம். வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயம் கலந்த வண்ணத்தை அமெரிக்கா தடைசெய்ததே 1978-இல்தான். இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய பழைய கடிகாரமும் அப்படியே. இப்போது ஒளிரவில்லை என்பதால் ரேடியத்தின் கதிரியக்கம் அடங்கிவிட்டது என்று பொருள் அல்ல. தேய்ந்துபோவது அதனுடன் கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அதன் மூடியைத் திறக்கக் கூடாது.

திறந்தவெளிச் சந்தை எனக்குப் பிடிக்கும், ஆனால் உறவினர் வீட்டிலிருந்து போவதற்கு ஏற்றது அல்ல. நல்ல பொருள் விடியற்காலையிலேயே, பல வேளை வியாபாரிகளுக்குள்ளேயே, கைமாறிவிடும். வீட்டார் உறங்கும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். திரும்பும்போது அவர்கள் நமக்காகக் காத்திருப்பார்கள். அப்படியும் போவதானால் கைவிளக்கோடு புற ஊதா விளக்கு ஒன்றும் கொண்டுபோங்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி அந்த ஒளியில் பளிச்சென்று பச்சையாக ஒளிரும், இருள் பிரியாத நேரத்தில் அதைக் கண்டுபிடிப்பது எளிது. இங்கே இன்னொரு நன்மையும் உண்டு. தன் வீட்டுச் சாமானைத் தானே கொண்டுவந்து விற்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் என் கேள்விக்கு முழுப் பதில் இருக்கும்.

அந்தக் கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால் முதலிடம் பெற வேண்டியது வீடு காலி செய்யும் விற்பனைதான். பொருள் இருந்த அறைக்குள்ளேயே நிற்கிறோம். இதைவிட உறுதியான சான்று கிடையாது. அப்படியிருந்தும் நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். ஏலமாக நடந்தால் ஒரு நாள் முழுவதும் போய்விடும்; நமக்கு வேண்டிய பொருள் எப்போது மேடைக்கு வரும் என்று தெரியாது; கேட்ட விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் சேரும் இடங்களும் உண்டு. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது வேறு. அந்த வீட்டாரை நம் உறவினர் அறிந்திருப்பார். பல ஆண்டுகள் பழகிய தோழியின் அலமாரியில் விலைச்சீட்டு தொங்குவதை என் அத்தை பார்க்க நேர்வதை நான் விரும்பவில்லை. அவராகவே வர விரும்பினால் அது வேறு. நாம் அழைத்துப் போகக் கூடாது.

ஆக, ஒரு பெரியவரோடு இரண்டு மணி நேரம் என்றால் ஒருவரே நடத்தும் கடை. அவருக்கு அங்கே உட்கார நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் சேர்ந்த பெரிய குழு, மழை நாள் என்றால் பெரிய கூடம். அரை மணி நேரமே இருக்கிறது என்றால் நன்கொடைக் கடை போதும். தனியாகத் தங்கியிருக்கிறீர்கள், வீட்டார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் மட்டும் விடியற்காலைச் சந்தை.

வாங்கியதை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதிலும் ஒருவரே நடத்தும் கடைதான் முந்துகிறது. பொருளின் வயதைக் கொண்டு சட்டங்கள் மாறுகின்றன. அமெரிக்கச் சுங்கம் 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1830-க்கு முந்தையவற்றையே பழம்பொருளாக ஏற்றது. 1966-இல் அது நூறு ஆண்டு என்று மாறியது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் படைப்பு போன்றவை தொல்பொருள். சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் அந்த வரம்பு 75 ஆண்டு. அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் தருவதில்லை. யானைத் தந்தப் பிடி, ஆமை ஓட்டுச் சீப்பு ஆகியவற்றை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றி 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டீஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. பிரேசில் ரோஸ்வுட் மரமும் 1992 முதல் அதன் கடுமையான பட்டியலில் இருக்கிறது. எனவே பொருளின் பெயர், மூலப்பொருள், ஏறத்தாழ எந்தக் காலத்தது, எந்த ஊரில் வாங்கியது என்பவற்றைப் பட்டியலிட்டுக் கையெழுத்திட்ட பில் தேவை. தனிக் கடைக்காரர் கேட்டால் எழுதித் தருவார். பெரிய கூடத்தின் பில்லில் வியாபாரி எண்ணும் விலையும் மட்டும் இருக்கும். வேண்டுமென்றால் ஊழியரிடம் சொல்லி, அந்த வியாபாரியிடமிருந்து விவரத்தை எழுத்தில் பெற்றுத் தரக் கேட்கலாம். நன்கொடைக் கடையின் பில்லில் ‘வீட்டுச் சாமான்’ என்றிருக்கும். சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டி எதையும் நிறுவ முடியாது. தந்தமோ ஆமை ஓடோ கலந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், எந்தக் கடையானாலும், பயணப் பெட்டியில் வைக்காதீர்கள்.