அலாரம் சென்சார்: பைபாஸ் போடுவதா, ஒயரைக் கழற்றுவதா?

ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று கும்பகோணம் வீட்டின் கொல்லைக் கதவு நிலையை மாற்றினோம். அதில் திருட்டு அலாரத்தின் காந்த சென்சார் இருந்தது.

அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் அந்த ஒரு ஸோனை (அந்தக் கதவின் சென்சார் இணைப்பை) மட்டும் பைபாஸ் செய்யலாம், அதாவது பேனல் அதைக் கண்டுகொள்ளாமல் விடும். வாசல், மாடி சென்சார்கள் வழக்கம்போல் காவல் காக்கும். ஆனால் பல பேனல்களில் அலாரத்தை ஆஃப் செய்ததும் பைபாஸ் நீங்கிவிடும். ஒவ்வொரு இரவும் மறுபடி போட வேண்டும்.

ஒயரைச் சும்மா கழற்றினால் சுற்று அறுந்து, கதவு திறந்திருப்பதாகவே பேனல் எடுத்துக்கொள்ளும். அதனால் சிலர் இரண்டு முனைகளையும் முறுக்கி இணைத்துவிடுகிறார்கள். சென்சார் பக்கம் வண்ணக் கோடுகள் போட்ட குட்டி ரெசிஸ்டர் இருந்தால் அதையும் சேர்த்தே இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோளாறு காட்டும். என் பயம் வேறு: இணைத்ததை மறந்துவிட்டால், கொல்லைக் கதவு ராத்திரி முழுக்கத் திறந்தே கிடந்தாலும் பேனல் மூடியிருப்பதாகத்தான் சொல்லும்.

பெயிண்ட் வேலை மட்டும் என்றால் பைபாஸ் போதும். நிலையையே பெயர்க்கும்போது கழற்றாமல் முடியாது, சரி. அப்போதும் முனைகளை இணைக்காமல், பைபாஸ் போட்டு, தனித்தனியாக டேப் சுற்றி வைப்பதே என் தேர்வு. புது நிலையில் காந்தம் சென்சாருக்கு நேராக நிற்கிறதா என்று கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிடுங்கள்.