சுங்கை சிப்புட்டில் ஒரு போட்டோகாப்பி கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் போட்டோகாப்பி, பயிற்சி நூல், பைண்டிங் எதுவானாலும் நான் போவது ஒரே கடைக்குத்தான். விலை மலிவு என்று சொல்ல முடியாது. கலர் பிரிண்ட் கொஞ்சம் மங்கல். காடி நிறுத்த இடமும் கிடைக்காது. இருந்தும் அங்கேயே போகக் காரணம் முதலாளி.

இப்போது அவருக்கு மூன்று கடைகள். ஆனாலும் பள்ளி பஸ் வருவதற்கு முன்பே பழைய ஹோண்டா கப்பில் வந்து இங்கே ஷட்டரைத் தூக்குவது அவர்தான். பால்மரம் வெட்டியவரின் மகன். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக 1960இல் ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு கட்டிய கதையைக் கேட்காமலே சொல்லுவார். அடிக்கடி போகிறவர்களுக்கு அலுக்கும். ஆனால் அவர் கடன் தருவதும் அதே கணக்கில்தான். மாணவர்களுக்கென்று தனியாக ஒரு 555 புத்தகம், அதாவது சின்னக் கடன் கணக்குப் புத்தகம், வைத்திருக்கிறார். காசில்லாத பிள்ளை பெயரை எழுதிவிட்டு நூலை எடுத்துப் போகலாம். மாதம் ஐந்து வெள்ளி கட்டினாலும் சரி. சும்மா மட்டும் தர மாட்டார். “சும்மா வாங்குன புக்கை எவன் திறந்து பார்க்கிறான்?”

கடையின் அருமை தெரிவது ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த பிறகு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனுக்கும், அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்கும் யு.பி.யு.வுக்கும் ஒரே விண்ணப்பம் போதும் என்றிருந்தாள் என் மகள். “அது வேற மினிஸ்ட்ரி, இது வேற மினிஸ்ட்ரிமா” என்று உட்கார வைத்து இரண்டையும் அவளையே நிரப்ப வைத்தார். தான் தட்டித் தரவில்லை. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனுக்கு முதலில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும் என்றார். முதல் வகுப்பில் பட்டம் வாங்கினால் அந்தக் கடனைக் கட்டாமலிருக்க விண்ணப்பிக்கலாம் என்பதை அவர் சொன்ன தோரணை மிரட்டல் மாதிரியே இருந்தது! வாங்கியது பிரிண்ட் காசு மட்டும்.

வாய்தான் காரம். சரித்திரத்தில் தோற்ற ஒரு பையனை, “மலாயும் சரித்திரமும் பாஸ் இல்லாட்டி சர்ட்டிபிகேட்டே கிடையாது, தெரியும்ல?” என்று எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்புறம் மறுதேர்வுக்கு எப்படிப் பதிவது என்று அவனுக்கு அரைமணி நேரம் விளக்கினார். அதற்குள் எங்கள் வரிசை வாசல்வரை போய்விட்டது.

விண்ணப்பம் போடப் போகிறவர்கள் ஐ.சி.யும் (அடையாள அட்டை) அசல் முடிவுத்தாளும் கொண்டு போங்கள். போனில் எடுத்த படத்தைக் காட்டினால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.